கரும்பலகையும் கண்ணாடிப் பலகையும்

சென்ற சில வருஷங்களாக நம்முடைய வீடுகளில் ஒரு வழக்கு ஓயாமல் நடந்து வருகிறது. குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுக்கலாமா, கூடாதா என்பதுதான் அந்த வழக்கு. "கொடுக்கவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லும் தாத்தா, பேரன் சாப்பிட மறுத்து வாயை இறுக மூடிக்கொண்டதும், தாமே எழுந்து போய் அந்த யந்திரத்தைத் தேடி எடுத்து வந்து அவன் எதிரில் வைக்கிறார். ஆகவே வழக்கு இன்னும் தீரவில்லை. அது தீருவதற்குள், பாடசாலைச் சுவரில் ஒரு பெரிய கைப்பேசியைக் கொண்டு வந்து மாட்டிவிட்டார்கள்! அதற்கு ஸ்மார்ட் போர்டு என்று பெயர். விரலால் தொட்டால் எழுதுகிறது, தொட்டால் பேசுகிறது, தொட்டால் பாடுகிறது.

இதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றன. "போயிற்று, இனிக் குழந்தைகளுக்கு எழுத்தும் வராது, கணக்கும் வராது" என்று தலையில் அடித்துக் கொள்வது ஒரு கட்சி. "இனி உபாத்தியாயர் எதற்கு? யந்திரமே எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுமே!" என்று குதூகலிப்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாயிருக்கிறார்கள். அந்த யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தப் போகிறவர் யார், அவருக்கு அதைக் கையாளக் கற்றுக் கொடுத்தவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை. இந்த வாரம் நாம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புகிறவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு இரண்டு வருஷம் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புப் படிக்கிறார்கள். இதற்காக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. 1986-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக ஏற்பட்டவை இவை. படிப்பின் நடுவே மாணவ ஆசிரியர்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சென்று, உண்மையான குழந்தைகளுக்கு உண்மையான பாடம் நடத்திப் பழக வேண்டும். பாடத் திட்டம் எழுதி, அட்டைப் படங்கள் தயார் செய்து, பள்ளியின் மூத்த ஆசிரியர் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்க, கை நடுங்கச் சுண்ணக்கட்டியைப் பிடிக்கும் அந்த முதல் நாளை எந்த ஆசிரியரும் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

அப்படி ஒரு பெண்ணை நேயர்கள் கற்பனை செய்து கொள்ளுங்கள். வயது பத்தொன்பது. குக்கிராமத்துப் பள்ளியில் படித்தவள். அவள் வீட்டில் அவள்தான் முதல் முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவள். அவளுக்குக் கைப்பேசியில் தெரியாத வித்தை கிடையாது. படம் எடுப்பாள், பணம் அனுப்புவாள், சிற்றுந்து எப்போது வரும் என்று பார்த்துச் சொல்லுவாள். ஆனால் ஏழு வயதுக் குழந்தைகள் முப்பது பேருக்கு முன்னால் அதே யந்திரத்தை எதற்காக, எந்த நிமிஷத்தில், எவ்வளவு நேரம் திறப்பது என்று கேட்டால், பாவம், திகைத்துப் போய்விடுவாள். கருவியைப் பழகுவதும் கருவியைக் கொண்டு பிறருக்குச் சொல்லிக் கொடுப்பதும் வெவ்வேறு வித்தைகள். வீணை வாசிக்கத் தெரிந்தவரெல்லாம் வீணை வாத்தியார் ஆகிவிட முடிகிறதா?

அவள் முன்னால் குவிந்திருக்கும் உபகரணங்களோ கொஞ்சமல்ல. 2017-ல் மத்திய அரசாங்கம் 'திக்ஷா' என்னும் இணையத் தளத்தை ஏற்படுத்தியது. 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடப் புத்தகங்களில் பக்க ஓரங்களில் சிறிய கறுப்புக் கட்டங்கள் அச்சாகி வந்தன. கைப்பேசியை அவற்றின் மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்குரிய காட்சி ஓடும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. 2022 ஜூனில், எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும் என்ற நோக்கத்துடன் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஆரம்பமாயிற்று. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துக் கற்பிக்கும் அத்திட்டத்தில், குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆசிரியர் யந்திரத்தில் பதிய வேண்டும். பிறகு ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டும், ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

அரசாங்கம் பணத்தைச் செலவழித்துவிட்டது. யந்திரம் வந்து சேர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது அந்தப் பெண்ணின் பத்து விரல்களும், அவற்றை நடத்தும் புத்தியும்தான்.

சென்னை கொடுத்த பாடம்

இதெல்லாம் நேற்று முளைத்த புதுமை என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குள் புதிய கருவி நுழைவதும், அதைப் பார்த்து உபாத்தியாயர் முகம் சுளிப்பதும் பழைய கதை. அந்தக் கதையின் மிகச் சுவையான அத்தியாயம் நம்முடைய சென்னைப் பட்டணத்திலேயே நடந்தது.

1789-ல் எழும்பூரில் ஓர் அநாதைச் சிறுவர் விடுதி இருந்தது. ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதன் மேலதிகாரியாக வந்தார். அவருடைய விடுதியில் பையன்கள் அகர வரிசையைக் கற்க மாதக் கணக்கில் தவித்துக் கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவர் நமது திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றின் பக்கமாகச் சென்றபோது, குழந்தைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். காகிதச் செலவில்லை; மைச் செலவில்லை; தப்பாக எழுதினால் ஒரே தடவில் அழித்துவிடலாம். பெல் துரைக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உடனே தம் விடுதிக்குத் திரும்பி, கீழ்வகுப்பு உபாத்தியாயரை அழைத்து, "நாளை முதல் மணலில் எழுதப் பழக்கும்" என்றார். உபாத்தியாயரோ, "இது நடக்கிற காரியமல்ல" என்று சொல்லிவிட்டார்.

பெல் என்ன செய்தார் தெரியுமா? எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். முடியாது என்று பெரியவர் சொன்னது சிறுவனால் முடிந்தது. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் அந்த முறையைப் பற்றி 1797-ல் லண்டனில் அவர் ஒரு சிறு நூல் வெளியிட, அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம்முடைய சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போன கதை இது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மணல் இரண்டு ஆட்களுக்கும் ஒன்றுதான். உபாத்தியாயர் கையில் அது பயன்படவில்லை. பையன் கையில் பயன்பட்டது. அவன் மணலில் தானே எழுதிப் பார்த்தான். மற்றவர்களுக்கும் அது வரும் என்று நம்பினான்.

இன்னொரு சம்பவம். 1939-ம் வருஷக் கடைசியில் இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே கூடி அவரிடம் பயிற்சி பெற்றார்கள். அவர் கொண்டு வந்த உபகரணங்கள் மரத்தாலும் மணியாலும் ஆனவை. ஒன்றுக்கு ஒரு மணி. பத்துக்குப் பத்து மணி கோத்த ஒரு கம்பி. நூறுக்கு அப்படிப்பட்ட பத்துக் கம்பிகளைச் சேர்த்த ஒரு சதுரம். குழந்தை பத்து என்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், நூறின் கனத்தை உணரலாம். துளைகளில் பொருத்த வேண்டிய மரத்துண்டுகளில் ஒன்றை இடம் மாற்றி வைத்தால், கடைசித் துண்டு பொருந்தாது. "தப்பு" என்று உபாத்தியாயர் சொல்ல வேண்டியதில்லை; மரமே சொல்லிவிடும். அந்த உபகரணங்களை முதலில் ஆசிரியர் தாமே பல முறை கையாண்டு பழக வேண்டும் என்பதும், குழந்தைக்குக் காட்டும்போது அதிகம் பேசக் கூடாது என்பதும் மாண்டிசோரி முறையின் முக்கியமான விதிகள். இன்றைய பயிற்சி நிறுவனங்கள் அந்த இரண்டு விதிகளையும் அப்படியே எடுத்துக் கொள்ளலாம்.

ஆரூடங்களும் அனுபவங்களும்

புதிய கருவியைப் பற்றி ஆரூடம் சொல்லிச் சறுக்கியவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. சலனப் படத்தை வளர்த்தவர்களில் ஒருவரான தாமஸ் எடிஸன், 1913-ல், பள்ளிக்கூடங்களில் புத்தகங்களுக்கு இனி வேலை இராது, படக்காட்சியே எல்லாவற்றையும் கற்றுக் கொடுக்கும், பத்து வருஷத்தில் பள்ளிகளே உருமாறிவிடும் என்றார். நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஜூன் மாதம் பிறந்தால் நாம் இன்னும் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொண்டுதான் இருக்கிறோம்.

நமது தேசமும் தன் பங்குக்கு ஒரு பெரிய பரீட்சை செய்து பார்த்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரையில், அமெரிக்கா இரவல் கொடுத்த செயற்கைக் கோள் ஒன்றின் உதவியால், ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். நமது ராஜ்யம் அதில் சேரவில்லை. அண்டையிலுள்ள ஆந்திரமும் கர்நாடகமும் சேர்ந்திருந்தன. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி, மாலையில் பெரியவர்களுக்கு. மின்சாரமே அபூர்வமாயிருந்த ஊர்களில் அது மகத்தான சாதனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வருஷம் முடிந்ததும் செயற்கைக் கோளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. இரவல் நகைக்கு உள்ள தொல்லை இதுதான்!

சமீப காலத்து அனுபவங்கள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. குஜராத்தில் வடோதரா நகரசபையின் தொடக்கப் பள்ளிகளுக்கு 2000-ல் பள்ளிக்கு நான்கு கணிப்பொறிகள் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சிறு வகுப்புக் குழந்தைகள் அவற்றைத் தொட்டதே அரிதாயிருந்தது. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நான்காம் வகுப்புக் குழந்தைகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுக்கள் ஆடும்படி ஏற்பாடு செய்தது. கணிப்பொறி அதே கணிப்பொறி. ஆனால் குழந்தைகளுடைய கணக்கு மிகவும் முன்னேறியது. இந்த ஆராய்ச்சி 2007-ல் வெளியாயிற்று. ஏற்பாடு நின்று ஒரு வருஷம் ஆனபின் அந்த லாபத்தில் பெரும் பகுதி கரைந்து போயிற்று என்பதையும் ஆராய்ச்சிக்காரர்கள் மறைக்கவில்லை.

அதே குஜராத்தில் இன்னொரு பரீட்சை. கணிப்பொறிப் பாடத்தைச் சில இடங்களில் பள்ளி நேரத்தில், ஆசிரியரின் பாடத்துக்குப் பதிலாக வைத்தார்கள். வேறு சில இடங்களில் பள்ளி முடிந்த பிறகு, ஆசிரியரின் பாடத்துக்கு மேலாக வைத்தார்கள். பதிலாக வைத்த இடங்களில் குழந்தைகள் வழக்கமாகக் கற்பதைவிடக் குறைவாகவே கற்றார்கள். மேலாக வைத்த இடங்களில், முக்கியமாகப் படிப்பில் பின்தங்கிய குழந்தைகள், நன்மை அடைந்தார்கள்.

தென் அமெரிக்காவிலுள்ள பெரு தேசத்தில் குழந்தைக்கு ஒரு கணிப்பொறி என்று லட்சக் கணக்கில் வாரி வழங்கினார்கள். சுமார் முந்நூறு பள்ளிகளில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2012-ல் வெளியாயிற்று. கணக்கிலும் மொழியிலும் யாதொரு முன்னேற்றமும் இல்லை!

நம் வீட்டு அனுபவத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பெருந்தொற்று வந்து 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் சிறு வகுப்புக் குழந்தைகள் மறுபடியும் பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் 1-ந் தேதியன்று. இடையிலே தொலைக்காட்சியும் கைப்பேசியும்தான் பாடசாலை. அவ்வளவுக்கும் பிறகு அரசாங்கம் என்ன செய்தது? 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டம் வகுத்து, மாலை வேளையில் தெருத் தெருவாக மனிதர்களை அனுப்பிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த ஓர் ஆராய்ச்சியின்படி, குழந்தைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் ஈடாயிற்று. அப்படி ஈடானதில் ஏறக்குறைய கால் பங்கு, அந்தத் தெருத் திண்ணை வகுப்புகளின் பலன்.

முப்பத்தேழின் கதை

இப்போது நாம் கற்பனை செய்த பெண்ணிடம் திரும்பி வருவோம். அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. பாடம், பத்துக்களும் ஒன்றுகளும். முதல் நாள் இரவு கண் விழித்து ஓர் அழகான காட்சியைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அதில் குச்சிகள் பத்துப் பத்தாக ஓடி வந்து சேர்ந்து, தாமே நாடாவைக் கட்டிக் கொண்டு நடனமாடுகின்றன. மூன்று கட்டும் ஏழு உதிரியும் வந்து நிற்கின்றன. "முப்பத்தேழு!" என்று பாட்டு முழங்குகிறது. வகுப்பும் கூடவே முழங்குகிறது. அந்தப் பெண்ணின் முகத்திலே வெற்றிப் புன்னகை.

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை எழுந்து வருகிறார்.

"பாட்டு நன்றாயிருந்ததம்மா. குழந்தைகளும் நன்றாகப் பாடினார்கள். ஒரே ஒரு குழந்தையைக் கூப்பிட்டு முப்பத்தேழு என்று எழுதச் சொல்லேன், பார்ப்போம்."

முன் வரிசைப் பையன் துள்ளி எழுந்து வருகிறான். கரும்பலகையில் 307 என்று எழுதிவிட்டு, கம்பீரமாகத் திரும்பிப் பார்க்கிறான்.

"டீச்சர், இப்போதுதானே எல்லாரும் சரியாகச் சொன்னார்கள்!" என்று அந்தப் பெண் கண் கலங்குகிறாள்.

"சொன்னார்கள், எண்ணவில்லை. முப்பது என்று காதில் விழுந்தது, எழுதினான். ஏழு என்று விழுந்தது, எழுதினான். அவன் கணக்கில் அது சரிதான். எண்ணின வேலையெல்லாம் அந்தப் படத்துக் குச்சிகள் செய்துவிட்டன. நம் குழந்தைகளுக்கு மிச்சம் ஒன்றும் வைக்கவில்லை. நாளைக்கு ஒரு விளக்குமாற்றை அவிழ்த்து ஈர்க்குச்சி கொண்டு வா அம்மா."

மறு நாள் பாடம் இப்படி நடக்கிறது. குழந்தைகள் நால்வர் நால்வராகத் தரையில் உட்கார்ந்து ஈர்க்குச்சியை எண்ணிப் பத்துப் பத்தாக நூலால் கட்டுகிறார்கள். ஒரு கட்டில் ஒன்பது. இன்னொரு கட்டில் பதினொன்று. சண்டை, சமாதானம், மறுபடி எண்ணிக்கை. எல்லாம் முடிந்த பிறகுதான் திரையைத் திறக்கிறாள். காட்சி ஓடுகிறது. குச்சிகள் ஓடி வந்து சேரும் சமயத்தில் சட்டென்று நிறுத்துகிறாள். "இனி என்ன ஆகும், சொல்லுங்கள்" என்கிறாள். ஆளுக்கொரு பதில். "சரி, உங்கள் பதிலைப் பலகையில் எழுதுங்கள்" என்கிறாள். எழுதிய பிறகு காட்சியை மேலே ஓட விடுகிறாள். தன் பதில் சரியா என்று பார்க்கும் ஆவலில் முப்பது ஜோடிக் கண்களும் திரையை விழுங்குகின்றன.

முதல் நாள் ஓடியதும் அதே காட்சிதான். மறு நாள் அதற்கு முன்னே குழந்தையின் கை வேலை செய்திருந்தது. நடுவே புத்தி வேலை செய்தது. நிறுத்தும் பொத்தானை எப்போது அமுக்குவது என்பதுதான் அவள் அன்று கற்றுக் கொண்ட தொழில் நுட்பம்.

திரையால் மட்டும் ஆகக் கூடியவை

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் ஈர்க்குச்சியே போதுமே, திரை எதற்கு?" என்று முதல் கட்சியார் கேட்கக் கூடும். அப்படிச் சொல்லிவிட முடியாது. ஈர்க்குச்சியால் ஆகாத காரியங்கள் பல உண்டு.

அவரை விதை முளைத்துக் கொடியாவதற்குப் பல நாட்கள் வேண்டும். குழந்தை ஒரு நாளில் ஒரு கணத்தைத்தான் பார்க்கும். திரையிலோ அத்தனை நாட்களையும் ஒரு நிமிஷத்தில் சுருக்கிக் காட்டலாம். தொட்டியிலும் விதையை ஊன்றி, திரையிலும் காட்டினால், நாளைக்கு என்ன ஆகும் என்று குழந்தை ஆவலோடு காத்திருக்கும். தஞ்சை ஜில்லாக் குழந்தைக்கு மலையும், கொடைக்கானல் குழந்தைக்குக் கடலும், இருவருக்கும் திமிங்கிலமும் வேறு எப்படி வகுப்புக்குள் வரும்?

மொழிப் பாடத்தில் இன்னொரு லாபம். 'ழ' என்னும் எழுத்துக்கு நமது குழந்தைகள் செய்யும் அநியாயத்தை நேயர்கள் அறிவார்கள். உபாத்தியாயர் ஆயிரம் முறை திருத்தினாலும், தான் சொல்வதில் என்ன தப்பு என்று குழந்தைக்கே தெரிவதில்லை. அது வாசிப்பதைக் கைக்கணினியில் பதிவு செய்து அதற்கே போட்டுக் காட்டினால், தன் குரலைத் தானே கேட்டு முதலில் சிரிக்கும். பிறகு, "இன்னொரு தடவை வாசிக்கிறேன், டீச்சர்" என்று தானே கேட்கும். கண் பார்வை குறைந்த குழந்தைக்குப் பெரிய எழுத்து. காது மந்தமான குழந்தைக்குப் படத்தின் கீழே வாசகம். இவையெல்லாம் கரும்பலகையால் கொடுக்க முடியாத சலுகைகள்.

இதிலிருந்து பயிற்சி ஆசிரியருக்கு ஒரு விதி கிடைக்கிறது. கையால் தொட்டுப் பார்க்கக் கூடியதைத் திரையில் காட்ட வேண்டாம். கைக்கும் கண்ணுக்கும் எட்டாததைத் திரையில் காட்டத் தயங்க வேண்டாம். மின்சாரம் நின்று போனால் பாடம் நின்று போகாதபடி, சுண்ணக்கட்டியை எப்போதும் கையோடு வைத்திருக்கவும்.

ஆசிரியர் மேல் திரும்ப வேண்டிய காமிரா

அறிஞர்கள் இந்த விஷயத்துக்குச் சாஸ்திரமே எழுதியிருக்கிறார்கள். பாடம் தெரிந்திருப்பது வேறு, அந்தப் பாடத்தைக் குழந்தைக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்திருப்பது வேறு என்று 1986-ல் லீ ஷுல்மன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் விளக்கினார். 2006-ல் மிஸ்ரா, கோலர் என்னும் இருவர், அத்துடன் கருவியின் ஞானத்தையும் சேர்த்து, மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் நல்ல பாடம் பிறக்கிறது என்றார்கள். ஆனால் கருவியை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுப்பது எளிது. எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரே நாளில் சொல்லி, கையொப்பம் வாங்கி, சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடலாம். 307 என்று எழுதும் பையனை எப்படித் திருத்துவது என்பதற்கு அந்தச் சான்றிதழில் இடமில்லை.

பயிற்சி நிறுவனங்களுக்கு மிகவும் பயன்படக் கூடிய யந்திரம், நம் எண்ணத்தில், ஸ்மார்ட் போர்டு அன்று, சாதாரணக் காமிரா. 1963-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில், பயிற்சி ஆசிரியரை நாலைந்து மாணவர்களுக்கு ஐந்து நிமிஷம் மட்டும் பாடம் நடத்தச் சொல்லி, அதைப் படம் பிடித்து அவருக்கே போட்டுக் காட்டினார்கள். குற்றங்களைத் திருத்திக் கொண்டு அதே பாடத்தை மறுபடி நடத்தச் செய்தார்கள். அதற்கு அக்காலத்தில் பெரிய படப்பதிவு யந்திரங்கள் வேண்டியிருந்தன. இன்று நம் பெண்ணின் கைப்பையிலேயே அது இருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடிகூடக் காத்திராமல் தானே பதில் சொல்லிவிடுகிறோம், வலப் பக்கத்துக் குழந்தைகளையே பார்த்துப் பேசுகிறோம், பின் வரிசையில் ஒரு குழந்தை தூங்கிவிட்டது என்பதையெல்லாம் பிறர் சொன்னால் கோபம் வரும். படம் சொன்னால் வெட்கம் வரும். வெட்கம் வந்தால் பாதி திருந்தியாயிற்று. ஆனால் அந்தப் படம் பயிற்சி நிறுவனத்துக்கு வெளியே போகக் கூடாது. குழந்தைகளின் முகத்தை ஊரெல்லாம் பரப்புவதற்கு ஆசிரியருக்கு உரிமை கிடையாது.

நேரம் என்னும் முதல்

இன்னொரு குறையையும் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியர் கையில் கொடுத்த கைக்கணினி பாடத்துக்கு மட்டும் வரவில்லை. கணக்குப் பிள்ளை வேலையையும் கூடவே அழைத்துக் கொண்டு வந்திருக்கிறது. குழந்தைகளின் வருகைப் பதிவு, தேர்வு மதிப்பெண், நலத் திட்டங்களின் கணக்கு, எல்லாம் யந்திரத்தில் ஏற வேண்டும். இணைப்புக் கிடைக்காத ஊர்களில் ஆசிரியர்கள் கைக்கணினியைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு மைதானத்தில் அங்குமிங்கும் நடக்கிறார்கள். இதைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் பல முறை முறையிட்டிருக்கின்றன. பதிவுகள் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. எந்தக் குழந்தை அரும்பு, எது மலர் என்று தெரிந்தால்தான் அதற்கேற்பக் கற்பிக்கலாம். ஆனால் பதிவு செய்யும் நேரம் கற்பிக்கும் நேரத்திலிருந்து எடுக்கப்படுமானால், குஜராத்திலே 'பதிலாக' வைத்த கதைதான் இங்கும். யந்திரம் ஆசிரியருக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்த மிச்சம் பின் வரிசைக் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

புதிய கல்வி வருஷம் பிறக்கும்போது பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும், "உங்களிடம் ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே சில பள்ளிகள் யந்திரத்தை வாங்கி நுழைவாசலுக்கு எதிரே மாட்டி வைக்கின்றன. வாங்கிய யந்திரத்தைப் பயன்படுத்தியதாகக் காட்ட வேண்டுமே என்று, தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை ஓட்டுகிறார்கள். நாம் கேட்கும் கேள்வியை மாற்றிக் கொண்டால் பள்ளிகளும் மாறும்.

மாலையில் குழந்தை வீட்டுக்கு வந்ததும், "இன்று திரையில் என்ன காட்டினார்கள்?" என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். "அதைப் பார்த்த பிறகு நீ என்ன செய்தாய்? என்ன எழுதினாய்? டீச்சர் உன்னிடம் என்ன கேட்டார்?" என்று கேளுங்கள். குழந்தை உற்சாகமாகப் பதில் சொன்னால் அந்த வகுப்பில் யந்திரமும் நல்ல கையில் இருக்கிறது, குழந்தையும் நல்ல கையில் இருக்கிறது என்று நிம்மதியாயிருக்கலாம். பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியை உங்கள் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள் என்று தெரிந்தால், "கற்றுக்குட்டியிடம் என் பிள்ளையை விடுவதா?" என்று குறைப்பட வேண்டாம். அவள் உங்கள் குழந்தையிடம் கற்றுக் கொள்வதைக் கொண்டுதான் இன்னும் நாற்பது வருஷம், ஆயிரம் குழந்தைகளுக்குக் கற்பிக்கப் போகிறாள். ஒரு விளக்குமாற்றையாவது அவிழ்த்துக் கொடுத்து உதவுங்கள்.